கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், போடலாமா?

வாசகர் கேள்வி: வழக்கறிஞர் பதில்

(வாசகியை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.)

பழைய வட ஆற்காடு மாவட்டப் பகுதியில் உள்ள ஒரு கல்லூரியில், வணிகவியல் துறையில் கௌரவ விரிவுரையாளராக வேலை பார்க்கும் ஒரு வாசகி ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இது.

எம்.காம். இரண்டாம் ஆண்டில் ஆறு மாணவர்களுக்கு அவர் ஆய்வேட்டு வழிகாட்டி. இறுதிப் பிரதியைச் சமர்ப்பிக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. வரைவுகளைக் கல்லூரி நூலகத்து மென்பொருளில் போட்டுப் பார்த்ததில், ஒரு மாணவருடையது 62 சதவீதம் வேறு எழுத்துகளோடு ஒத்துப்போகிறது என்று வந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களின் சேமிப்புப் பழக்கம் பற்றிய ஆய்வு அது. 120 பெண்களைப் பார்த்துப் பூர்த்தி செய்ததாகச் சொன்ன கேள்வித்தாள்கள் அத்தனையும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் இருந்தன. கேட்டதும் அந்த மாணவர் மறைக்கவில்லை. வேலூரில் ஒரு புராஜெக்ட் சென்டரில் 6,500 ரூபாய் கொடுத்து வாங்கியதாகச் சொல்லிவிட்டார். இன்னொருவர் குடியாத்தம் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் மாணவி. அம்மா பீடி சுற்றுகிறார், வீட்டில் இவர்தான் முதல் பட்டதாரி. அவருடைய ஆய்வேடு 34 சதவீதம் காட்டியது. "நானே எழுதினேன் மேடம், புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதினேன்" என்று அழுதிருக்கிறார்.

இதற்கு நடுவில் பி.காம். இன்டர்னல் தேர்வு. இரண்டு மாணவர்களின் விடைத்தாளில் ஒரே கணக்கில் ஒரே தப்பு, ஒரே இடத்தில் அடித்தல். ஒருவரிடம் செல்போன் இருந்திருக்கிறது. வாசகி அதை வாங்கி, வாட்ஸ்அப்பைத் திறந்து பார்த்திருக்கிறார். வினாத்தாளின் படமும் விடைகளும் இருந்தன. அவற்றைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டு, துறை ஆசிரியர்கள் குரூப்பிலும் போட்டுவிட்டார். மறுநாள் அந்த இருவரையும் வகுப்பில் நிற்கவைத்து மன்னிப்புக் கடிதத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்.

துறைத்தலைவர், "ரிசல்ட் விழுந்துவிடும், பேசாமல் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்" என்கிறார். மன்னிப்பு வாசித்த மாணவர்களில் ஒருவரின் அப்பா வீட்டுக்கே வந்து, "பையனுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க பேரைத்தான் எழுதி வெச்சிட்டுப் போவான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வாசகி கேட்பது: சான்றிதழில் கையெழுத்துப் போடலாமா? தேர்வு முறைகேடுகளைத் தடுக்க 2024-ல் வந்த புதுச் சட்டத்தில் போலீஸில் புகார் கொடுக்க முடியுமா? என் மீது கேஸ் வருமா? என் வேலை நிலைக்குமா?

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று கேட்கத் தோன்றியது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கண்டுபிடித்தது தப்பில்லை, கவலைப்பட்டதும் தப்பில்லை. ஆனால் மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டீர்கள். பணம் கொடுத்து வாங்கிய ஆய்வேடு வேறு, மேற்கோள் போடத் தெரியாத மாணவி வேறு, தேர்வறையில் செல்போன் வேறு. சட்டமும் விதிகளும் இம்மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. அந்த மூட்டையைப் பிரித்தாலே உங்கள் பயத்தில் பாதி போய்விடும்.

உங்கள் கையெழுத்து

இதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். 62 சதவீத ஆய்வேட்டுக்கு இப்போது இருக்கும் நிலையில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் கல்வி நேர்மை, கருத்துத் திருட்டுத் தடுப்பு பற்றி ஓர் ஒழுங்குமுறை கொண்டுவந்தது. முதுகலை, ஆராய்ச்சிப் பட்டங்களுக்கான ஆய்வேடுகளுக்கு அது பொருந்தும். 'இது என் சொந்தப் படைப்பு' என்று மாணவர் உறுதிமொழி தர வேண்டும், 'என் மேற்பார்வையில் நடந்த இந்த வேலையில் திருட்டு இல்லை' என்று வழிகாட்டி சான்றளிக்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. அதாவது அந்தச் சான்றிதழ் துறையின் சார்பில் போடும் சம்பிரதாயக் கையெழுத்து இல்லை. நீங்கள் உங்கள் பெயரில் சொல்லும் உண்மை. மென்பொருள் அறிக்கையைப் பார்த்து, மாணவரின் ஒப்புதலையும் காதால் கேட்ட பிறகு அதில் கையெழுத்துப் போட்டால், தெரிந்தே பொய் சொன்னதாகிவிடும். நாளைக்கு யாராவது புகார் கொடுத்தால், "துறைத்தலைவர் வாயால் சொன்னார்" என்பதைக் காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது? அவர் சொன்னது காற்றோடு போய்விடும், உங்கள் கையெழுத்துத்தான் காகிதத்தில் நிற்கும்.

அதற்காக அவரோடு சண்டை போட வேண்டாம். தேர்ச்சி விகிதம் குறைந்தால் மேலே இருப்பவர்கள் அவரைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள், அதுவும் உண்மை. மறுப்பு என்று சொல்லாமல், 'வரைவில் திருத்தம் தேவைப்படுவதால் மாணவரிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்' என்று எழுத்தில் கொடுங்கள். அதற்குக் காரணத்தை அடுத்துச் சொல்கிறேன்.

62 சதவீதம்

"60-க்கு மேல் போனால் பதிவே ரத்து என்கிறார்கள், இவன் வாழ்க்கையை நான் கெடுத்துவிடுவேனோ" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேள்விப்பட்டது பாதி சரி.

அந்த 2018 ஒழுங்குமுறையில் நான்கு படிகள் உண்டு. 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால், அதிகபட்சம் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால், ஒரு வருடம் திருத்திய பிரதியைக் கொடுக்கவே முடியாது. 60-க்கு மேல் போனால் அந்தப் படிப்புக்கான பதிவு ரத்து. இதெல்லாம் சரிதான்.

ஆனால் இரண்டு விஷயங்கள் விட்டுப்போயின. ஒன்று, மென்பொருள் காட்டும் எண் தீர்ப்பு ஆகாது. ஆதாரம் காட்டி எடுத்த மேற்கோள்கள், நூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, சட்ட வாசகங்கள், பொதுவான சொற்கள், வழக்கமான சூத்திரங்கள் இவற்றையெல்லாம் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். எல்லோரும் எழுதும் பொதுவான தொடர்கள் 14 சொல் வரை தொடர்ந்து ஒத்திருந்தாலும் கணக்கில் சேராது. எனவே 62 என்பது கழித்த பிறகு 62-ஆகவே இருக்கலாம், 45-க்கும் இறங்கலாம். எந்தப் படி என்று முடிவு செய்வது உங்கள் வேலையும் இல்லை. துறை அளவில் ஒரு குழு இருக்க வேண்டும். துறைத்தலைவர், வேறு துறையைச் சேர்ந்த மூத்த பேராசிரியர் ஒருவர், இந்த மென்பொருளில் பழக்கமுள்ள ஒருவர் என மூன்று பேர். அவர்கள் விசாரித்து 45 நாளுக்குள் கல்லூரி அளவிலான குழுவுக்குப் பரிந்துரை அனுப்ப வேண்டும்.

இரண்டு, இதுதான் முக்கியம். அந்தத் தண்டனைகள் மதிப்பீட்டுக்குச் சமர்ப்பித்த ஆய்வேட்டுக்கானவை. உங்கள் மேஜையில் இருப்பது வரைவு. மாணவர் இன்னும் உறுதிமொழி கொடுக்கவில்லை, நீங்களும் சான்றளிக்கவில்லை. எனவே இன்றைக்கு உங்களுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. வரைவைத் திருப்பிக் கொடுத்து, "இதைத் தூக்கிப் போட்டுவிட்டு நீயே செய்" என்று சொல்லலாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வேன். மூன்று வாரத்தில் முடியாது என்றால் அடுத்த வாய்ப்பில் சமர்ப்பிக்கட்டும். ஆறு மாதம் போகும், அது சின்ன விலை இல்லை. ஆனால் பதிவு ரத்தாவதைவிடக் கொடியது இல்லை. 120 பேர் வேண்டாம், 40 பெண்களிடமாவது உண்மையாகப் பேசிவிட்டு வரட்டும், அளவைக் குறைக்க நீங்கள் அனுமதி கொடுக்கலாம். வேலை விட்டு வரும் நேரத்தில் அந்தப் பெண்களிடம் நின்று பேசினால், சீட்டு, நகைக்கடன், மகளிர் குழு என்று அந்தப் புராஜெக்ட் சென்டர் எழுதிக் கொடுத்ததில் இல்லாத எத்தனையோ விஷயங்கள் வரும்.

இங்கே ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். ஒரே பேனாவில் நிரப்பிய 120 கேள்வித்தாளை நீங்கள் கருத்துத் திருட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அது அதைவிட மோசம். அது இட்டுக்கட்டிய தரவு. அதை எந்த மென்பொருளும் சதவீதமாகக் காட்டாது, உங்கள் கண்தான் காட்டியது. 2018 ஒழுங்குமுறை, அடுத்தவர் படைப்பைத் தன்னுடையதாகக் காட்டுவதைப் பற்றித்தான் பேசுகிறது. பொய்த் தரவு உங்கள் பல்கலைக்கழக, கல்லூரி ஒழுங்கு விதிகளின் கீழ் வரும். எனவே குறிப்பு எழுதும்போது இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். நாளைக்கு அவர் வாக்கியங்களை மட்டும் மாற்றிப்போட்டு, 'இப்போது 9 சதவீதம்தான்' என்று அதே தரவோடு வந்து நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அதற்குத்தான் சொல்கிறேன்.

அவர் திருந்தாமல், அதே பிரதியை உங்களைத் தாண்டிச் சமர்ப்பிக்கப் பார்த்தால் அப்போது தயங்க வேண்டாம், ஆதாரத்தோடு குழுவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். துறைத்தலைவரே குழுத்தலைவர் என்பதால் முதல்வருக்கும் ஒரு நகல் போகட்டும்.

குடியாத்தத்து மாணவி

இந்தப் பகுதியைப் படித்தபோதுதான் மனசு கனத்தது. அந்தப் பெண் சொன்னதைத் திரும்பப் படியுங்கள்: "புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதினேன்." அவர் அதை ஒப்புதலாகச் சொல்லவில்லை, தன் உழைப்புக்குச் சாட்சியாகச் சொல்கிறார். நம் பள்ளிக்கூடங்களில் புத்தகத்தில் உள்ளபடியே, கமா மாறாமல் எழுதினால்தான் முழு மார்க். சொந்த வாக்கியத்தில் எழுதினால், "புக்கில் இப்படியா இருக்கு?" என்று சிவப்பு மையில் கோடு விழும். பன்னிரண்டு வருடம் அதற்குப் பரிசு கொடுத்துவிட்டு, பட்ட மேற்படிப்பில் திடீரென்று அதற்கே திருட்டு என்று பெயர் வைத்தால், அந்தப் பெண்ணுக்கு எங்கே புரியும்? இடையில் இருந்த மூன்று வருடப் பட்டப்படிப்பில், மேற்கோள் குறி எங்கே போடுவது, அடிக்குறிப்பு எப்படி எழுதுவது என்று ஒரு மணி நேரமாவது யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?

அதனால் தெரியாமல் செய்தால் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. 34 சதவீதத்தோடு சமர்ப்பித்தால் விதி அவரையும் பிடிக்கும். தெரியாது என்பது அங்கே பதில் ஆகாது. ஆனால் வரைவு நிலையில் இருப்பதால், இது கற்றுக்கொடுக்க வேண்டிய விஷயமாகவே இன்னும் இருக்கிறது. அவருடைய அறிக்கையைப் பிரித்துப் பாருங்கள். வணிகவியல் ஆய்வேடு என்றால் கம்பெனிகள் சட்டம் 2013-ன் பிரிவுகளை அப்படியே எடுத்து எழுதியிருப்பார், அது கழிந்துவிடும். நூற்பட்டியல் கழியும். மிஞ்சுவது பெரும்பாலும் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்த அத்தியாயமாக இருக்கும்.

இன்னொன்று. இவர் ஆங்கிலத்தில் பார்த்து ஆங்கிலத்திலேயே எழுதியதால் மாட்டினார். ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் மாற்றி எழுதியிருந்தால் மென்பொருள் பெரும்பாலும் விட்டிருக்கும். செயற்கை நுண்ணறிவில் எழுதி வாங்கியவரும் தப்பலாம். அதைக் கண்டுபிடிக்கும் கருவிகளையும் நம்பி ஒரு பிள்ளையைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள், அவை சொந்தமாக எழுதியவரையும் தப்பாகக் காட்டுவதுண்டு. உட்கார வைத்து, "நாலாம் அத்தியாயத்தில் இந்த முடிவுக்கு எப்படி வந்தாய்?" என்று பத்து நிமிடம் பேசுங்கள். எழுதியவருக்குப் பதில் இருக்கும்.

அந்த செல்போன்

இங்கே, சகோதரி, உங்கள் பக்கமும் தவறு நடந்திருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தேர்வறையில் தடை செய்த செல்போனை வாங்கி வைப்பது உங்கள் அதிகாரம். அதைத் திறந்து ஒருவருடைய செய்திகளைப் படிப்பது அப்படி இல்லை. அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017-ல் சொல்லிவிட்டது. மாணவர் என்பதால் அது இல்லாமல் போகாது. படத்தைக் குரூப்பில் போட்டது அதற்கும் மேலே. அந்தக் குரூப்பில் இருக்கும் யாராவது ஒருவர் வெளியே அனுப்பினால், நீங்கள் பிடித்த காப்பியடித்தல் பின்னால் போய், நீங்கள் செய்தது முன்னால் வந்துவிடும்.

இப்போது செய்ய வேண்டியது: குரூப்பில் போட்டதை எடுத்துவிடுங்கள், மற்றவர்களும் யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் போனில் இருப்பதை அழிக்காதீர்கள். நடந்ததை நடந்தபடி ஒரு அறிக்கையாக எழுதுங்கள். நீங்கள் திறந்து பார்த்ததையும் அதில் மறைக்காமல் எழுதி, தேர்வுப் பொறுப்பாளரிடம் கொடுத்து, அந்தப் படத்தை என்ன செய்வது என்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு விடைத்தாளையும் பத்திரமாக ஒப்படையுங்கள். ஒரே தப்பு, ஒரே அடித்தல் என்பதே நல்ல சான்று, போனைத் திறக்காமலே உங்கள் கையில் அது இருந்தது.

அடுத்த முறை இப்படி நடந்தால்: போனை வாங்கி, அணைத்து, உறையில் போட்டு ஒட்டி, மாணவரும் நீங்களும் இன்னொரு கண்காணிப்பாளரும் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்துவிடுங்கள். பிட்டுத் தாள் என்றாலும் இதே முறைதான். மாணவர் தன் கையால் விளக்கம் எழுதிக் கொடுக்கட்டும். மறுத்தால், 'எழுத மறுத்தார்' என்று நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு உங்கள் வேலை முடிந்தது.

வகுப்பில் நிற்கவைத்து மன்னிப்பு வாசிக்கச் சொன்னது எனக்கு வருத்தமாக இருந்தது. விசாரணைக்கு முன்பே தண்டனை கொடுத்துவிட்டீர்கள். விதியில் இல்லாத தண்டனை அது. உச்ச நீதிமன்றம் 1962-லேயே, உத்தரப் பிரதேசப் பள்ளித் தேர்வு வாரியத்துக்கு எதிராக கன்ஷ்யாம் தாஸ் குப்தா என்ற மாணவர் நடத்திய வழக்கில், முறைகேடு என்று சொல்லித் தேர்வை ரத்து செய்வதற்கு முன் மாணவரின் விளக்கத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஒரு தேர்வு மையமே கூட்டாகக் காப்பியடித்தால் ஒவ்வொருவரையும் தனியாக விசாரிக்கத் தேவையில்லை என்று 1970-ல் பீகார் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். உங்களிடம் இருப்பது இரண்டே பேர். அவர்களைக் கேட்டாக வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இப்படி ஒரு வழக்கை நான் மாணவர் பக்கம் நின்று நடத்தியிருக்கிறேன். தேர்வறையில் பிடிபட்ட பையன். அன்று சாயங்காலமே கல்லூரியை விட்டு நீக்கிவிட்டார்கள். நோட்டீஸ் இல்லை, விசாரணைக் குறிப்பு இல்லை, பிடித்த பிட்டுத் தாளைக் கேட்டால் யாரிடம் இருக்கிறது என்றே தெரியவில்லை. நீக்க உத்தரவு ரத்தானது. அந்தத் தீர்ப்பு சரியானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அன்று நீதிமன்ற வராந்தாவில் நின்றிருந்த அந்த அறைக் கண்காணிப்பாளரின் முகம் மறக்கவில்லை. அவர் பிடித்தது உண்மை. அவசரப்பட்ட மற்றவர்கள் அவரைப் பொய்யராக்கிவிட்டார்கள்.

அந்த இருவருக்கும் இன்டர்னலில் பூஜ்யம் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாகப் போடாதீர்கள். பி.காம். இன்டர்னல் தேர்வு 2018 ஒழுங்குமுறைக்குள் வராது. அசைன்மென்ட், பாட வேலை, விடைத்தாள் இவற்றை அது வெளிப்படையாகவே விலக்கிவைக்கிறது. கல்லூரியின் தேர்வு விதி என்ன சொல்கிறதோ அதன்படி தேர்வுக்குழு முடிவு செய்யட்டும். முடிவு பிடிக்காவிட்டால், மானியக் குழுவின் 2023 விதிகளின்படி மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கும், அதன் பிறகு குறைதீர்ப்பாளருக்கும் போக அவர்களுக்கு உரிமை உண்டு. அதை நீங்களே அவர்களிடம் சொல்லுங்கள். சொல்பவரை மாணவர்கள் எதிரியாகப் பார்ப்பதில்லை.

போலீஸுக்குப் போகலாமா?

வேண்டாம். நீங்கள் சொல்லும் 2024 பொதுத் தேர்வுகள் சட்டம், மத்தியப் பணியாளர் தேர்வாணையம், ரயில்வே, வங்கிப் பணியாளர் தேர்வு, நீட் போன்றவற்றை நடத்தும் தேசியத் தேர்வு முகமை ஆகியவற்றின் தேர்வுகளுக்கு. கல்லூரி இன்டர்னலுக்கோ ஆய்வேட்டுக்கோ அது வராது. வினாத்தாளைக் கசியவிடும் கும்பல்கள்தான் அதன் குறி, தேர்வு எழுதும் மாணவர் இல்லை. கருத்துத் திருட்டு என்ற பெயரில், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் ஒரு குற்றமும் கிடையாது. ஆள்மாறாட்டம் செய்து ஒருவருக்குப் பதில் இன்னொருவர் தேர்வு எழுதினால் கதை வேறு, அது 319-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை போகும். உங்களுடையது அது இல்லை.

அந்த அப்பா சொன்னது

இதில் இரண்டு பக்கம் இருக்கிறது. சட்டப் பக்கத்தை முதலில் சொல்கிறேன். ஒழுக்கக்கேட்டுக்காக ஆசிரியர் கண்டித்தார், மேலிடத்துக்குத் தெரிவித்தார் என்பதற்காகவே தற்கொலைத் தூண்டுதல் ஆகிவிடாது என்று 2021-ல் ராஜஸ்தானைச் சேர்ந்த ஜியோ வர்கீஸ் என்ற ஆசிரியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லி, அவர் மீதான வழக்கை ரத்து செய்தது. தூண்டும் எண்ணம் வேண்டும், நேரடியான செயல் வேண்டும். விதிப்படி அறிக்கை கொடுப்பது அதில் வராது. ஆனால் அவர் வீட்டுக்கு வந்த தேதி, நேரம், சொன்ன வார்த்தை, யார் உடனிருந்தார்கள் என்று இன்றே எழுதிவைத்து, முதல்வருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இனி அவரிடம் தனியாகப் பேச வேண்டாம், கல்லூரியில் இன்னொரு ஆசிரியர் இருக்கும்போது பேசுங்கள்.

இன்னொரு பக்கம் அந்தப் பையன். அப்பா மிரட்டுவதற்காகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படியே விட்டுவிடக் கூடாது. வகுப்புக்கு முன்னால் தலைகுனிந்து நின்றவன் அவன். கல்லூரியில் ஆலோசகர் இருந்தால் இன்றே சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவன் மதிக்கும் ஆசிரியர் ஒருவர் அவனோடு உட்கார்ந்து பேசட்டும். 14416 என்ற டெலிமானஸ் எண்ணை (அரசின் இலவச மனநல உதவி எண்) அவனுக்கும் அவன் அம்மா அப்பாவுக்கும் கொடுங்கள், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். வகுப்பில் நடந்தது சரியில்லை என்று நீங்களும் அவனிடம் தனியாகச் சொல்லலாம். அதனால் காப்பியடித்தது சரி என்று ஆகிவிடாது. விசாரணை அதன் வழியில் நடக்கும்.

உங்கள் வேலை

இங்கே உங்களுக்குப் பொய் ஆறுதல் சொல்ல மாட்டேன். கௌரவ விரிவுரையாளருக்கு நிரந்தரப் பணியாளருக்கு உள்ள பாதுகாப்பு இல்லை. அடுத்த வருடம் கூப்பிடாமல் விட்டால், காரணம் இதுதான் என்று நிரூபிப்பது கஷ்டம். அந்த ஆபத்து இருக்கிறது. ஆனால் கையெழுத்துப் போட்டால் ஆபத்து போய்விடும் என்று நினைக்காதீர்கள். திருட்டு பிறகு வெளிப்பட்டால் முதலில் கைகழுவப்படுபவரும் தற்காலிகப் பணியில் இருப்பவர்தான்.

எல்லாவற்றையும் எழுத்தில், மரியாதையாக, குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஈமெயிலிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புங்கள். தேவைப்பட்டால் வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

திங்கட்கிழமை துறைத்தலைவருக்குக் கொடுக்கும் கடிதத்தில் இவ்வளவு போதும்:

"என் மேற்பார்வையில் உள்ள இரண்டு ஆய்வேட்டு வரைவுகளின் ஒப்புமை அறிக்கையை இணைத்துள்ளேன். இரண்டும் இன்னும் சமர்ப்பிக்கப்படவில்லை. ஒன்றில் களத்தரவை மீண்டும் சேகரிக்க வேண்டியிருப்பதால் வரைவை மாணவரிடம் திருப்பிக் கொடுத்துள்ளேன். மற்றொன்றில் மேற்கோள்களைச் சரிசெய்ய மாணவிக்கு வழிகாட்டி வருகிறேன். திருத்திய வரைவுகளைப் பரிசோதித்த பிறகே சான்றளிக்க இயலும் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

பெயர்களைக் கடிதத்தில் எழுத வேண்டாம், இணைப்பில் இருந்தால் போதும். இன்டர்னல் விவகாரத்தை இதில் கலக்காதீர்கள், அது தனி அறிக்கை, தேர்வுப் பொறுப்பாளருக்கு.

அப்புறம், அந்தக் குடியாத்தத்துப் பெண்ணுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கடைசி பஸ்ஸைக் கணக்குப் பார்த்து, ஒரு மத்தியானம் நூலகத்தில் அவரோடு உட்காருங்கள். முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம், முந்தைய ஆய்வுகள் பற்றிய அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லி, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "இதில் என்ன சொல்கிறார்கள், உன் அம்மாவுக்குச் சொல்வது போலச் சொல்" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவரையே எழுதச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, எந்த ஆசிரியர், எந்த வருடம், எந்தப் பக்கம் என்று கீழே குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு பத்தி இப்படிச் செய்துவிட்டால் மூன்றாவதற்கு நீங்கள் தேவைப்பட மாட்டீர்கள்.